எல்.இ.டி பல்பு போட்டதிலிருந்து எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட் அடிக்கிறார்கள்: தப்பு பல்பிலா, சட்டத்திலா?

குடியாத்தத்துக்காரர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. வேலூரில் வேலை. இரவு ஒன்பதரைக்கு மேல் காட்பாடி, லத்தேரி, கே.வி.குப்பம் வழியாகக் காரில் வீடு திரும்புகிறார். வண்டி பத்து வருஷம் தாண்டியது, ஹெட்லைட் மங்கல். கடைக்காரர் சொல்லி 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்) எல்.இ.டி பல்பு ஒரு ஜோடி வாங்கி மாட்டினார். பெட்டியில் 200 வாட் என்று போட்டிருக்கிறது. அன்றிலிருந்து டிம்மில் போனாலும் எதிரே வருகிறவர்கள் லைட்டை அடித்து அடித்துக் காட்டுகிறார்கள், சிலர் ஜன்னலை இறக்கித் திட்டிவிட்டும் போகிறார்கள். "வயரை வெட்டவில்லை, பழைய பல்பைக் கழற்றிவிட்டுச் சொருகியதுதான், அதனால் கேஸ் வராது" என்று கடையில் சொன்னது உண்மையா என்பது அவர் கேள்வி. எதிரே வருகிறவர்கள் பொறாமையில் அடிக்கிறார்களா, நிஜமாகவே கண் கூசுகிறதா என்றும் கேட்டிருக்கிறார்.

கேள்வியாக வந்தவை இரண்டு. ஆனால் பதில் தேட வேண்டிய மூன்றாவது ஒன்று உள்ளே இருக்கிறது: அவருக்கு இரவில் ரோடு தெரியவில்லை. அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அதைத் தீர்க்காமல் "எல்.இ.டி தப்பு, கழற்றுங்கள்" என்று மட்டும் சொன்னால் அவர் மறுபடி மங்கல் வெளிச்சத்தில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் போய் நிற்பார். அதனால் மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு, ஹெட்லைட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். இப்போது பல வருஷமாக வேலூரில் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை. வெளிச்சம், வயரிங், ஃபோகஸ் இவற்றில் நான் சொல்வதை அளந்து பார்த்தது என்று எடுத்துக்கொள்ளலாம். நான் வக்கீல் அல்ல. சட்டப் பிரிவுகளைப் படித்துத் தெரிந்துகொண்டதும், எஃப்.சி-க்கு (ஃபிட்னஸ் சான்றிதழுக்கு) வண்டி தயார் செய்து கொடுத்த பழக்கமும்தான் அந்தப் பகுதிக்கு ஆதாரம். உங்கள் வண்டியை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

முதலில் கண் கூசுவது. அது நிஜம், பொறாமை இல்லை. கழற்றிய பழைய எச்4 ஹாலோஜன் பல்பு வீட்டில் இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள், கண்ணாடியை மட்டும் விரலால் தொடாதீர்கள். உள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள் தெரியும். ஒன்று பிரைட்டுக்கு, இன்னொன்று டிம்முக்கு. டிம் சுருளுக்கு அடியில் மட்டும் சின்னதாக ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். அந்தச் சுருளிலிருந்து கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடுகிறது. மேல்நோக்கிப் போவது மட்டும் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் பட்டுச் சாலைப் பக்கமாக இறங்குகிறது. கிண்ணத்தின் ஒரு ஓரம் 15 டிகிரி சாய்வாக இருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் இடது ஓரத்தில் நடந்து போகிறவர் தெரிய வெளிச்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் மேலே ஏறும். வலப்பக்கம், அதாவது எதிரே வருகிறவரின் பக்கம், ஒரு கோடு போட்டது போல் கீழேயே நிற்கும். இவ்வளவு வேலையையும் செய்வது சுருளும் கிண்ணமும் ரிஃப்ளெக்டரும் மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்பதுதான்.

எல்.இ.டி பல்பில் சுருள் கிடையாது. ஒரு உலோகத் தண்டின் இரண்டு பக்கமும் சிப் ஒட்டியிருக்கும். சுருள் எங்கே இருக்குமோ அங்கேயே சிப்பை வைக்கத் தயாரிப்பாளர் முயற்சி செய்கிறார். நல்ல கம்பெனிப் பல்பில் அது ஓரளவுக்கு வரும், மலிவுப் பல்பில் வராது. ஆனால் நடுவில் இருக்கும் தண்டின் தடிமனை யாராலும் இல்லாமல் ஆக்க முடியாது. சுருள் சுற்றிலும் வெளிச்சம் விடும், சிப் இரண்டு பக்கமும்தான் விடும். தலையைத் திருகி ஃபோகஸ் மாற்றும் பழைய டார்ச் லைட்டில் பல்பு ஒரு நூல் நகர்ந்தாலே சுவரில் விழும் வட்டம் எப்படிச் சிதறுகிறது என்று பார்த்திருப்பீர்கள். ஹெட்லைட்டிலும் அதேதான் நடக்கிறது, சிதறிய வெளிச்சம் மட்டும் எதிரே வருகிறவரின் கண்ணில் விழுகிறது.

எதிரே வருகிறவரின் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் போகலாம் என்பதற்குச் சோதனைக்கூடத்தில் ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பிய விதியில், ஹாலோஜன் டிம்மை 25 மீட்டர் தள்ளி ஒரு திரையில் அடித்துப் பார்க்கும்போது, எதிர் டிரைவரின் கண் இருக்கும் புள்ளியில் 0.4 லக்ஸுக்கு (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) மேல் இருக்கக் கூடாது என்றுதான் பல காலமாக வைத்திருந்தார்கள். முழு நிலா வெளிச்சத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதே திரையில் கோட்டுக்குக் கீழே, ரோடு விழும் இடத்தில் அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். அதனால் மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பது இரண்டாவது கேள்வி, எங்கே விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டும் லூமனும் (மொத்த வெளிச்சத்தின் அளவு) அந்த முதல் கேள்விக்குப் பதில் சொல்லாது. அந்த 200 வாட்டையும் நம்ப வேண்டாம். என் கடையில் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை எழுதியிருப்பதில் பாதிகூட இழுப்பதில்லை. உண்மையில் அவ்வளவு இழுத்தால் அந்தச் சின்ன ஃபேன் அந்தச் சூட்டைத் தாங்காது.

எல்.இ.டி போட்டவர்கள் கொஞ்ச நாள் கழித்து வந்து சொல்வது ஒன்று உண்டு: "இன்னா அண்ணா, லைட்டு பளிச்சுனு இருக்குது, ஆனா தூரத்துல ஒண்ணும் தெரியலையே." அதற்கும் காரணம் இருக்கிறது. சிதறிய வெளிச்சத்தில் நிறைய வண்டிக்கு முன்னால் பத்து, பதினைந்து மீட்டருக்குள் விழுந்துவிடுகிறது. பக்கத்து ரோடு வெள்ளையாகப் பளபளக்கும்போது நம் கண் அதற்குப் பழகிக்கொண்டு கண்பாப்பா சுருங்கிவிடும். ஐம்பது மீட்டர் தள்ளி இருட்டில் கறுப்பு உடுப்பில் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகிறவர் முன்பைவிட இன்னும் மறைந்துபோகிறார். வெளிச்சம் கூடினதாகத் தோன்றும், பார்வை குறைந்திருக்கும். இதில் இருக்கும் ஆபத்தே, ஓட்டுகிறவருக்கு அது தெரியாது என்பதுதான்.

நிறத்தைப் பற்றி இரண்டு விஷயம் கலந்து பேசப்படுகிறது. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், அதே அளவு மஞ்சள் வெளிச்சத்தைவிடக் கண்ணுக்கு அதிகம் உறுத்தும் என்பது நன்றாக நிறுவப்பட்டது. ஹாலோஜன் சுமார் 3200 கெல்வின், உங்களுடையது 6500. எதிரே வருகிறவர் உணர்வதில் அந்த வித்தியாசத்துக்கும் பங்கு இருக்கிறது. மழையில் மஞ்சள்தான் "ஊடுருவிப் போகும்" என்ற நம்பிக்கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. மழைத்துளி ஒளி அலையைவிட மிகப் பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மழையில் மஞ்சள் இதமாக இருப்பதற்கு, திரும்பி வரும் வெளிச்சம் நம் கண்ணை உறுத்தாததே பெரிய காரணம். எப்படிப் பார்த்தாலும் 6500 தேவையில்லாத எண்.

எச்.ஐ.டி கிட் (சுருள் இல்லாமல், வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து எரியும் பல்பு) பற்றி நீங்கள் கேட்கவில்லை. எல்.இ.டி-யைக் கழற்றச் சொன்னால் அடுத்து அதைத்தான் கடையில் காட்டுவார்கள் என்பதால் சொல்கிறேன், வேண்டாம். ஹாலோஜன் டூமுக்குள் (பல்பைச் சொருகும் ஹெட்லைட் கூடு) எச்.ஐ.டி போடுவது இதைவிட மோசம். கம்பெனியிலேயே எச்.ஐ.டி வைத்து வரும் வண்டிகளில் அதற்கென்றே புரொஜெக்டர், அதாவது லென்ஸ் வழியே வெளிச்சத்தைக் குவிக்கும் அமைப்பு, இருக்கும். 2000 லூமனுக்கு மேல் போனால் பாரத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைத் தானாகக் கீழே இறக்கும் கருவியும், லென்ஸ் கழுவும் ஏற்பாடும் கட்டாயம் என்று ஐரோப்பிய விதி கேட்டது. அவ்வளவு கூர்மையான வெளிச்சத்தில் லென்ஸ் மேல் படியும் புழுதியே எதிரில் வருகிறவருக்கு வினையாகும் என்பதால்தான்.

இனிச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு ஆர்.சி-யில் இருப்பது முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள ஆர்.டி.ஓ தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகவே படித்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. சட்டமோ விதிகளோ அனுமதிக்காத வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றினால், வெளிப் பாகங்களைப் பொருத்துவது உட்பட, ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று அதன் நான்காம் உட்பிரிவு சொல்கிறது.

ஒரு பல்பு மாற்றுவது 52-ஆம் பிரிவு சொல்லும் "மாற்றமா" என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே, மாற்றம் என்றால் வண்டியின் கட்டமைப்பை மாற்றி அதன் அடிப்படைத் தன்மையை மாற்றுவது என்று இருக்கிறது. ஆர்.சி-யில் பல்பு வகை எழுதியிருப்பதும் இல்லை. கடைக்காரர் சொன்ன "வயர் வெட்டவில்லை" என்ற பேச்சு எங்கிருந்தோ இதைத்தான் அரைகுறையாகப் பிடித்து வந்திருக்கிறது. ஆனால் வயரை வெட்டினோமா இல்லையா என்று சட்டத்தில் எந்த இடத்திலும் கேட்கவில்லை. அது கம்பெனி வாரண்டிக்காக உண்டான பேச்சு.

சந்தேகமே இல்லாத இடம் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் இருக்கிறது. 106-ஆம் விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பக்க விளக்கு எதுவானாலும் அதன் வெளிச்சம் நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால் அந்தக் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. இந்த விதி எல்.இ.டி என்றோ ஹாலோஜன் என்றோ பேசவில்லை. கூசுகிறதா என்று மட்டும் கேட்கிறது. வண்டியோடு வந்த பல்பே ஆனாலும் ஃபோகஸ் தூக்கி நின்றால் அதுவும் மீறல்தான். அதனால் உங்கள் கேள்விக்கு நேர் பதில்: பல்பு போட்டதே குற்றமா என்பதில் இரண்டு பக்கமும் வாதாடலாம், எதிரே வருகிறவர் கண் கூசும்படி ஓட்டுவது விதிமீறல் என்பதில் வாதம் இல்லை. உங்கள் வண்டி இப்போது அந்த இரண்டாவது இடத்தில் நிற்கிறது.

111-ஆம் விதி இன்னும் வெளிப்படையானது. ஸ்பாட் லைட், தேடு விளக்கு போன்றவற்றை வண்டியின் முன்னால் பொருத்தவே கூடாது, விதிவிலக்கான சூழ்நிலையில் பதிவு அதிகாரியின் முன் அனுமதி இருந்தால் தவிர. ஜீப்பின் மேலும், பைக்கின் கிராஷ் கார்டிலும் வரிசையாக வைக்கிறார்களே எல்.இ.டி பார், அது சாலையில் எரிந்தால் தப்பிக்க வழி கிடையாது.

நடைமுறை இதற்கு நேராக நடப்பதில்லை. சில நாள் போலீஸ்காரர்கள் நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள், சில நாள் அபராதம், பல நாள் யாரும் கண்டுகொள்வதே இல்லை. எந்த அதிகாரி எந்தப் பிரிவில் எழுதுவார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. லாரி, வேன் என்றால் எஃப்.சி-யில் பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் படும். சொந்தக் காருக்கு 15 வருஷத்தில் ஆர்.சி புதுப்பிக்கும்போதுதான் பரிசோதனை வரும், உங்களுக்கு அது ரொம்ப தூரத்தில் இல்லை. இன்ஷூரன்ஸ் விஷயம் பாலிசியையும் விபத்தையும் பொறுத்தது. வயரிங் தீப்பிடித்து அதன் காரணம் வெளியில் வாங்கிப் போட்ட மின்சாமான் என்று சர்வேயர் எழுதினால் சிக்கல் வரும், பம்பர் இடித்த கிளெய்மை பல்பைக் காட்டி மறுப்பது அவ்வளவு எளிதல்ல. இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

பெட்டியில் வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதே, அங்கீகாரம் பெற்றதுதானே என்று சிலர் கேட்பார்கள். அந்தக் குறி எதற்குக் கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும், மின்காந்த இடையூறு சோதனைக்குக் கிடைத்த குறியையும் அப்படியே போட்டு விற்கிறார்கள். ஜெர்மனியில் 2020-இல் ஹாலோஜனுக்குப் பதிலாகப் போடும் எல்.இ.டி பல்பு ஒன்றுக்கு முதல் முறையாகச் சாலை அனுமதி கொடுத்தார்கள். எப்படி என்றால், எந்தெந்தக் கார் மாடலில், எந்த எண்ணுள்ள ஹெட்லைட்டில் சோதித்துச் சரியாக இருந்ததோ அந்தப் பட்டியலுக்கு மட்டும். பட்டியலில் இல்லாத காரில் அதே பல்பு அங்கேயும் செல்லாது. பல்பும் டூமும் சேர்ந்துதான் ஒரு விளக்கு என்று அவர்கள் அளந்து பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள். நம் ஊரில் எந்தக் கடைக்காரரிடமும் அந்த மாதிரிப் பட்டியல் இல்லை.

சரி, ரோடு தெரிய வேண்டுமே. இங்கேதான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மங்கல் என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புது வகைப் பல்பு தேவைப்படுவதே இல்லை. பத்து வருஷ வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது வெளி லென்ஸ். அது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேல் பூச்சு நம் ஊர் வெயிலில் போய்விட்டால் மஞ்சளாகி மூட்டம் போடும். பகலில் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும், இரவில் பாதி வெளிச்சத்தை விழுங்கும். விழுங்காத மீதியையும் சிதறடித்து மேலே விடும், அதனால் மஞ்சள் லென்ஸே கண் கூசவும் காரணம் ஆகிறது. நீர் போட்டு எமரி பேப்பரால் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் பிடித்து, கடைசியில் யு.வி பூச்சு அடிக்க வேண்டும். பூச்சு அடிக்காமல் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்து அனுப்பினால் சில மாதத்தில் பழைய கதைதான். உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கருகியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, டூமையே மாற்ற வேண்டும்.

அடுத்தது வோல்டேஜ். இதை நிறைய பேர் பார்ப்பதே இல்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் பக்கம் இருக்கும். ஹெட்லைட்டை எரியவிட்டு, ஹோல்டரின் பின்னாலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் 12-க்கும் கீழே காட்டுவது சகஜம். ஹாலோஜனின் வெளிச்சம் வோல்டேஜோடு நேராகக் குறையாது, அதைவிட வேகமாகக் குறையும்: வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். போவது எங்கே என்றால், துருப்பிடித்த எர்த் போல்ட்டில், கருத்துப்போன ஹோல்டர் பின்னில், பல வண்டிகளில் முழு கரண்டையும் சுமக்கும் ஸ்டியரிங் அருகே உள்ள சுவிட்சில். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸோடு தடித்த வயர் இழுத்து, ரிலே (சுவிட்சின் சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் கருவி) வைத்தால் அதே 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) பல்பு வேறு பல்பு மாதிரி எரியும். வண்டியைக் கொடுத்த கையோடு ஓட்டிப் பார்த்துவிட்டுப் "பல்பு மாத்திட்டீங்களா" என்று கேட்டவர்கள் உண்டு.

பல்பு அதற்கு அப்புறம்தான். ஹாலோஜன் வயதாக ஆக மங்கும், அதனால் ஜோடியாகப் புதிதாக நல்ல கம்பெனியின் 60/55 போடுங்கள். நீலக் கண்ணாடி பூசியது வேண்டாம், அந்தப் பூச்சு வெளிச்சத்தைத் தின்றுவிடும். 100/90 போடலாமே என்று சொல்வார்கள். கூடுதல் வெளிச்சம் வருவது உண்மை, எதிரே வருகிறவருக்குப் போவதும் அதே விகிதத்தில் கூடும். அந்தச் சூட்டில் ஹோல்டர் உருகி, ரிஃப்ளெக்டர் கருகிய டூம்கள் என் கடைக்கு நிறைய வந்திருக்கின்றன.

கடைசியாக ஃபோகஸ். டயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில், சுவருக்கு நேராக ஹெட்லைட் 5 மீட்டர் தள்ளி இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று திருகு இருந்தால் 0-இல் வையுங்கள். தரையிலிருந்து ஹெட்லைட் மையத்தின் உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும், இடது ஓரத்தில் மட்டும் மேலே சாய்ந்து ஏற வேண்டும். டூமின் பின்னால் இருக்கும் திருகால் சரிசெய்துகொள்ளலாம். இதே சுவரில் இப்போது இருக்கும் எல்.இ.டி-யையும் கழற்றும் முன் அடித்துப் பாருங்கள். கோடு கலைந்து, மேலே வெள்ளைத் திட்டுத் திட்டாக வெளிச்சம் நிற்கும். சிப்புகள் இடமும் வலமும் பார்க்கும்படி பல்பைத் திருப்பினால் கொஞ்சம் குறையும். அதையும் செய்து பாருங்கள், ஆனால் மேலே இருப்பது முழுக்கப் போகாது. ஃபோகஸைத் தாழ்த்தினாலும் தீராது, ஏனென்றால் சிதறல் அப்படியே இருக்க, உங்களுக்கு வேண்டிய தூரம் மட்டும் குறைந்துபோகும்.

இவ்வளவும் செய்த பிறகும் எல்.இ.டி-தான் வேண்டும் என்றால் ஒரே நல்ல வழி: உங்கள் மாடலின் மேல் வேரியண்டில் கம்பெனியே எல்.இ.டி புரொஜெக்டர் வைத்து விற்றிருந்தால் அந்த முழு டூமையும் வாங்குவது. விலை அதிகம், இணைப்பு வயரிங்கும் வேறாக இருக்கலாம். வெளி மார்க்கெட் புரொஜெக்டர் டூம் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்தவை நிறைய இங்கே விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் மேலே ஏறும் சாய்வு வலப்பக்கம் இருக்கும், நேராக எதிர் டிரைவரின் முகத்துக்கு. பணம் கொடுக்கும் முன் பேட்டரியில் இணைத்துச் சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

உங்கள் சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிகொண்டா பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் இதே பல்போடு போனால் யாரும் லைட் அடித்திருக்க மாட்டார்கள். நடுவில் தடுப்பும் அரளிச்செடியும் இருக்கின்றன, எதிர்ப் பாதை தள்ளி இருக்கிறது. காட்பாடி-குடியாத்தம் சாலையிலும், கணியம்பாடி தாண்டிக் கண்ணமங்கலம் போகும் சாலையிலும் எதிர் வண்டி கை எட்டும் தூரத்தில் கடக்கிறது. அங்கே எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் பைக்கில் வருகிறவர்கள், கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியோடு. அந்தக் கீறல் ஒவ்வொன்றும் உங்கள் வெளிச்சத்தை இன்னும் பரப்பும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். இரண்டு வினாடி கண் தெரியாமல் ஒருவர் 33 மீட்டர் வருகிறார், ரிஃப்ளெக்டர் இல்லாத கரும்பு டிரெய்லர் ஓரமாக நிற்கும் சாலையில். அவர் இடித்துக்கொண்டால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது, நீங்கள் தாண்டிப் போயிருப்பீர்கள். இதை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீங்களாகவே கேட்டு வந்திருக்கிறீர்கள், பெரும்பாலானவர்கள் அந்த அளவுக்குக்கூட நினைப்பதில்லை.

எதிரே வேறு ஒருவர் இதே மாதிரி வந்தால் பதிலுக்கு பிரைட் போடாதீர்கள், இரண்டு பேருக்கும் கண் தெரியாமல் போகும். வேகத்தைக் குறைத்து, பார்வையை இடது ஓரத்து வெள்ளைக் கோட்டில் வையுங்கள். முன் கண்ணாடியின் உட்புறத்தை வாரம் ஒரு முறை துடையுங்கள், அங்கே படியும் எண்ணெய்ப் படலம்தான் வெளிச்சத்தைப் பூவாகச் சிதறடிக்கும். இரவில் ஓட்ட என்று விற்கும் மஞ்சள் மூக்குக்கண்ணாடி வாங்க வேண்டாம். கூச்சத்தோடு சேர்த்து, வேண்டிய வெளிச்சத்தையும் அது குறைத்துவிடும்.

இன்னொன்று. நீங்கள் வயதைச் சொல்லவில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தால், இந்த வேலைகளைத் தொடங்கும் முன்போ கூடவோ ஒரு கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் லென்ஸ் மெல்ல மூட்டம் போடுவதும், கண்புரை ஆரம்பிப்பதும் பகலில் தெரியாது. "லைட் மங்கல்" என்றும் "எதிர் வண்டி ரொம்பக் கூசுகிறது" என்றும்தான் முதலில் தெரியும். வண்டியில் எல்லாம் அளந்து சரியாக இருந்தும் ரோடு தெரியவில்லை என்ற சிலரை நான் கண் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். டாக்டரிடம் பகல் பார்வை மட்டும் சொல்லாமல், இரவில் ஓட்டுவதையும் எதிர் வெளிச்சம் படுத்தும் பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.